பெரிய பிளானுக்கு மாறியும் வீடியோ அழைப்பு இழுக்கிறது: வாடிக்கையாளருக்கு எப்படி விளக்குவது?

பாமணியாற்றங்கரை (மன்னார்குடி), கேள்வி:

வணக்கம். மன்னார்குடிப் பகுதியில் கேபிள் டிவியோடு ஃபைபர் இணைய இணைப்பும் கொடுக்கும் உள்ளூர் ஆபரேட்டர் ஒருவரிடம் லைன் வேலை பார்க்கிறேன். இழையை ஒட்டுவது, மோடம் பொருத்துவது, வீடு வரை ஒளி போதிய அளவில் வருகிறதா என்று பவர் மீட்டரில் பார்ப்பது எல்லாம் பழகிய வேலைகள். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்குத்தான் அவர்களுக்குப் புரியும்படி பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவே எங்கள் பக்கத்தில் இல்லை. பல வீடுகளில் இணைப்பு வாங்குவதே சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளோடு மாலையில் முகம் பார்த்துப் பேசுவதற்காகத்தான். பேச்சு இழுக்கிறது, படம் அப்படியே நின்றுவிடுகிறது என்று புகார் வந்தால், பெரிய பிளானுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவது தொழிலில் வழக்கமாகிவிட்டது. அப்படி 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 50 மெகாபிட்) பிளானிலிருந்து 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிய ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்பீட்டெஸ்ட் 190க்கு மேல் காட்டுகிறது. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசும்போது, இவர் கேட்டதற்கு அவர் சொல்லும் பதில் வந்து சேர்வதற்குள் இவர் அடுத்ததைக் கேட்டுவிடுகிறார். இருவர் பேச்சும் மோதிக்கொள்கின்றன. ‘காசுதான் கூடியிருக்கு, பேச்சு கூடலையே தம்பி’ என்றார். அதே இணைப்பில் டிவியில் படம் ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடுகிறதே, அது எப்படி என்பது அவருடைய அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஒரு விநாடியில் எவ்வளவு தரவு போகும் என்பது பேண்ட்விட்த், அனுப்பியது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது லேட்டன்சி என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். இதை அப்படியே ஒப்பித்தால் கேட்பவர் தலையாட்டிவிட்டு, ‘அப்போ 300 போட்டா சரியாயிடுமா?’ என்கிறார். தொழில்நுட்பம் தெரியாத ஒருவருக்கு, அவருடைய பணம் வீணாகாத வகையில், இதை எப்படிச் சொல்வது?

கடைமடை (திருத்துறைப்பூண்டி வட்டம்):

தம்பிக்கு வணக்கம். நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணினி விஷயம் அதிகம் தெரியாது. என் மருமகன் இந்தத் துறையில் இருக்கிறார். அவர் இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் ஆற்றை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். நம் பக்கத்து ஆட்களுக்கு அதைவிடப் பழகிய விஷயம் வேறு கிடையாது.

மேட்டூர் அணையை 2021இல் வழக்கம்போல ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள்; கல்லணை 16ஆம் தேதி திறக்கப்பட்டது. மறு வருடம் முன்கூட்டியே மே 24இல் மேட்டூரைத் திறந்தபோது, கல்லணை 27இல் திறக்கப்பட்டது. ஆக, கல்லணைக்கு வருவதற்கே மூன்று நான்கு நாள் ஆகிறது. அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்தை ஒட்டிய மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரிந்து, ஒவ்வொரு சட்ரஸாக (தண்ணீரைத் தடுத்துப் பிரித்துவிடும் மதகு) தாண்டி, கிளை வாய்க்கால்களில் ஏறி, கடைமடைக்காரன் வயலில் வரப்பு நனைய இன்னும் பல நாள் போகும். மேட்டூரில் விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் சொல்லும் பேண்ட்விட்த். திறந்த தண்ணீர் நம் மதகுக்கு எத்தனை நாளில் வருகிறது என்பது லேட்டன்சி. 10,000 கன அடியை 20,000 ஆக்கினால், வந்து சேர்ந்த பிறகு வயல் சீக்கிரம் நிறையுமே தவிர, திறந்த அன்றைக்கே தண்ணீர் திருத்துறைப்பூண்டிக்கு வந்து நின்றுவிடாது.

படம் ஓடுகிறது, பேச்சு மட்டும் ஏன் இழுக்கிறது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஊர்க் குளத்தில் முன்கூட்டியே தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பவன், ஆறு ஒரு நாள் தாமதமாக வந்தாலும் கவலைப்பட மாட்டான். சினிமாப் படம் அப்படித்தான் டிவிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னமே வந்து தேங்கிவிடுகிறது என்று மருமகன் சொன்னார். மகன் பேசப்போகிற பேச்சை எங்கே தேக்கி வைப்பது? அவர் இன்னும் வாயே திறக்கவில்லையே.

குடந்தைத் தெரு (சென்னை, சொந்த ஊர் கும்பகோணம்):

நெட்வொர்க் பொறியாளராக இருக்கிறேன். ஐயா சொன்ன உவமையை நானும் பயன்படுத்தப்போகிறேன், குறிப்பாகக் குளத்தை. ஆனால் ஓரிடத்தில் அது தவறான எண்ணத்தை விதைத்துவிடும். அந்த இடம் சரியாக வாடிக்கையாளரின் பணம் செலவாகும் இடமாகவும் இருக்கிறது. ஆற்றில் கூடுதலாகத் திறந்துவிட்டால் தண்ணீர் கொஞ்சம் முன்னதாகவே வரும், ஏனென்றால் ஆழம் கூடும்போது ஓட்டமும் விரைவாகிறது, காய்ந்த மணல் குடிப்பது போக எஞ்சுவதும் அதிகமாகிறது. இது டெல்டா விவசாயிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆகவே, ‘அப்படியென்றால் பெரிய பிளான் போட்டால் பேச்சும் கொஞ்சமாவது முன்னால் வருமே?’ என்று அவர் கேட்டால் ஆற்றின் கணக்கில் அது சரி.

கண்ணாடி இழையில் அந்தக் கணக்கு செல்லாது. வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்லும் ஒளி, இழைக்குள் ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. 50 எம்பிபிஎஸ்காரர் வீட்டுக்கும் 200 எம்பிபிஎஸ்காரர் வீட்டுக்கும் அது ஒரே வேகம்தான். பெரிய பிளானால் நேரம் மிச்சமாகும் இடம் ஒன்று உண்டு: தரவு சிறு சிறு பொட்டலங்களாக, அதாவது பாக்கெட்டுகளாகத்தான் போகிறது; 1,500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை லைனில் ஏற்றி முடிக்க 50இல் 0.24 மில்லி விநாடியும், 200இல் 0.06 மில்லி விநாடியும் ஆகும். அந்த அம்மா கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு இந்தக் கணக்கில் கிடைத்தது ஒரு பாக்கெட்டுக்கு 0.18 மில்லி விநாடி. அதை எந்தக் காதும் உணராது.

இனி தூரத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ.; போக 16, வர 16, ஆக 32 மில்லி விநாடி. மன்னார்குடியிலிருந்து சென்னை வரையிலான 300 கி.மீ. சொச்சத்துக்கு மேலும் 3. வழியில் இருக்கும் ரவுட்டர்களையும் சுற்றுப் பாதைகளையும் சேர்த்து நடைமுறையில் 50, 60 மில்லி விநாடி வந்தால் நல்ல இணைப்பு. குரல் உரையாடலுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. சிங்கப்பூர் அந்த எல்லைக்கு எவ்வளவோ உள்ளே இருக்கிறது. நியூயார்க்கைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 13,500 கி.மீ., போக வர 135 மில்லி விநாடிக்குக் கீழே எந்த இழையாலும் இறங்க முடியாது. நடைமுறையில் 200க்கு மேல் போகும். அப்போதும் ஒரு வழித் தாமதம் 150க்குள் அடங்கிவிடலாம்.

எனவே, அந்த அம்மாவின் பேச்சு மோதிக்கொள்வதற்குக் காரணம் தூரம் அல்ல என்பது என் கணிப்பு. மகன் சிங்கப்பூரில் இருப்பதால்தான் இழுக்கிறது என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அந்தத் தாமதம் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது, அதுவும் இரண்டு இடங்களில்.

முதலாவது, ரவுட்டரில் நிற்கும் வரிசை. வீட்டில் இன்னொருவருடைய கைபேசி, வைஃபை கிடைத்தவுடன் புகைப்படங்களையும் வீடியோக்களையும் தானாக மேலே ஏற்றத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவேற்றம் 10 எம்பிபிஎஸ் மட்டுமே உள்ள இணைப்பில், ரவுட்டரின் நினைவகத்தில் 1 மெகாபைட் அளவுக்குப் பாக்கெட்டுகள் வரிசையில் நின்றால், அது 8 மெகாபிட், கரைவதற்கு 0.8 விநாடி ஆகும். அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது அம்மாவின் ‘சாப்பிட்டியாப்பா?’. சிங்கப்பூருக்குப் போகும் நேரத்தைப் போல ஐம்பது மடங்கு நேரம் அது வீட்டை விட்டு வெளியேறுவதற்கே ஆகிறது. நினைவகம் மலிவாகிவிட்டதால் கருவி செய்பவர்கள் தாராளமாக வைத்ததன் விளைவு இது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தம் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து எழுதிய பிறகுதான் பஃபர்புளோட் என்ற பெயரில் பரவலாகப் பேசப்பட்டது. 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, நீண்ட நேரம் நின்றால் சிலவற்றைக் கைவிடுவது அதன் உத்தி. அனுப்பும் கணினி அதைக் கண்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில ரவுட்டர்களில் இந்த வசதி எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கிறது. அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக வைத்தால், அந்தக் கொஞ்சம் பேண்ட்விட்த்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வரிசை ஏறக்குறைய மறைந்துவிடும்.

இரண்டாவது, வைஃபை. பழைய வீட்டின் தடித்த சுவரைத் தாண்டும்போது பாக்கெட்டுகள் சிதைந்து, மறுபடி மறுபடி அனுப்பப்படுகின்றன. ஸ்பீட்டெஸ்ட் எடுக்கும்போது எல்லோரும் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி):

கணினி மையம் நடத்துகிறேன். விளக்கிச் சொல்வதையே நான் விட்டுவிட்டேன், காட்டிவிடுகிறேன். மடிக்கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குத் தொடர்ந்து பிங் போட்டு (ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பதுதான் பிங்), வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். 11, 10, 12, 11 என்று எண்கள் வரிசையாக வரும். பிறகு அவருடைய கைபேசியிலிருந்தே ஒரு கல்யாண வீடியோவை மேலே ஏற்றச் சொல்வேன். இரண்டு மூன்று வரிக்குள் 140, 390, 455 என்று எகிறும், நடுவே ஒரு வரி பதிலே வராமல் போகும். ஏற்றுவதை நிறுத்தினால் மறுபடி 11. இதைப் பார்த்த பிறகு 300 போடட்டுமா என்று யாரும் கேட்டதில்லை. மடிக்கணினி இல்லாதவர்களுக்கு ஸ்பீட்டெஸ்ட் செயலியே போதும். பெரிய எழுத்தில் வரும் வேகத்துக்கு அருகில், சும்மா இருக்கும்போது, பதிவிறக்கும்போது, பதிவேற்றும்போது என்று பிங் மூன்று எண்களாகத் தனியே வரும். மூன்றாவது எண்தான் வீடியோ அழைப்பின் ஜாதகம்.

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அழைப்பு மட்டுமல்ல, இணையப் பக்கம் திறக்கும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். ஒரு பக்கத்தைக் கேட்டவுடன் அது வந்துவிடுவதில்லை. இணைப்பு ஏற்படுத்த ஒரு முறை போய் வர வேண்டும், பாதுகாப்புக்கான கைகுலுக்கலுக்கு ஒன்றோ இரண்டோ முறை, அதன் பிறகு பக்கத்தைக் கேட்க ஒரு முறை. சர்வர் அமெரிக்காவில் இருந்து, ஒவ்வொரு முறையும் 250 மில்லி விநாடி ஆனால், முதல் எழுத்து திரைக்கு வருவதற்கு முன்பே ஏறக்குறைய ஒரு விநாடி போய்விடும். அந்த ஒரு விநாடியில் லைனில் போனது சில கிலோபைட்தான். 50ஆக இருந்தால் என்ன, 500ஆக இருந்தால் என்ன? நியாயவிலைக் கடையில் விரல் வைத்துவிட்டு நிற்பதும் ஏறத்தாழ இந்த வகைதான். அங்கே அனுப்பப்படும் தரவு மிகச் சிறியது. அதில் சர்வர் யோசிக்கும் நேரமும் சேரும் என்பதால் பழியை முழுவதும் லைன் மீது போட முடியாது.

குடந்தைத் தெரு:

முள்ளியாறு அம்மா சொன்ன முறையே சிறந்தது. சிறு குறிப்பு மட்டும்: 8.8.8.8 என்ற ஒரே முகவரிக்கு உலகில் பல ஊர்களில் சர்வர்கள் பதில் சொல்கின்றன, நமக்குப் பெரும்பாலும் அருகில் இருப்பதே சொல்லும். வீட்டு வரிசையைக் காட்டுவதற்கு அது மிகவும் பொருத்தம். சிங்கப்பூருக்கோ அமெரிக்காவுக்கோ ஆகும் நேரத்தை அதை வைத்துச் சொல்லக் கூடாது. லைன் வேலைக்குப் போகும் தம்பி, அதற்கும் முன்னால் ரவுட்டரின் சொந்த முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஒரு பிங் போட்டுப் பாருங்கள். கம்பியில் 1 மில்லி விநாடிக்குள் வர வேண்டும், வைஃபையில் ஒற்றை இலக்கத்தில் வந்தால் நல்லது. அதுவே 100, 200 என்று ஆடினால் குற்றவாளி வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

பாமணியாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. அந்த அம்மா வீட்டுக்கு மறுபடி போனேன். ரவுட்டர் கடைசி அறையில் மர பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், தூசி படாமல் இருக்க ஒரு துண்டால் மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அம்மா பேசுவது திண்ணையில் உட்கார்ந்து. திண்ணையிலிருந்து ரவுட்டருக்குப் பிங் போட்டால் 6, 180, 9, 240 என்று வந்தது, இத்தனைக்கும் அப்போது யாரும் எதையும் ஏற்றவில்லை. கூடத்துக்கு ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டியபின் ஒற்றை இலக்கத்திலேயே நிற்கிறது. பேரனின் கைபேசியில் தானாக ஏற்றும் வசதியை இரவு பதினொன்றுக்கு மேல் என்று சொல்லி, அதுவரை அணைத்து வைக்கச் சொன்னேன். அவன் கேட்பானா என்பது வேறு விஷயம். கேட்கவில்லை என்றால் எஸ்க்யூஎம் உள்ள ரவுட்டர் பார்க்க வேண்டும். ஐயா சொன்ன குளத்தை அம்மாவிடம் சொன்னேன்; முழுதாக முடிப்பதற்குள் புரிந்துகொண்டு, அவரே எனக்கு விளக்கத் தொடங்கிவிட்டார்.

அவரை மறுபடி 50க்கு மாறச் சொல்லலாமா? எங்கள் ஆபரேட்டருக்கு அது பிடிக்காது, ஆனாலும் கேட்கிறேன்.

குடந்தைத் தெரு:

தாராளமாகச் சொல்லலாம். நல்ல தரமான வீடியோ அழைப்பு 2 முதல் 4 எம்பிபிஎஸ்தான் எடுக்கும். ஒரே நேரத்தில் டிவியில் 4கே படம் ஓடினாலும் அதற்கு 15 முதல் 25 போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சில பிளான்களில் விலை குறையும்போது பதிவேற்ற அளவையும் வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். அம்மாவின் முகமும் குரலும் போகும் பாதை அது. 50இலும் பதிவேற்றம் 50 என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாறலாம்.

உப்பளக் காற்று (வேதாரண்யம் வட்டம்):

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இதை ஒட்டியே ஒரு சந்தேகம். என் இறால் பண்ணை இருக்கும் இடத்துக்கு ஃபைபர் வரவில்லை. செயற்கைக்கோள் வழி 40 எம்பிபிஎஸ் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். இப்போது 4ஜி சிம்மில் 8, 10 எம்பிபிஎஸ்தான் கிடைக்கிறது. எண்ணைப் பார்த்தால் நான்கு மடங்கு. எடுக்கலாமா?

குடந்தைத் தெரு:

அந்தச் செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று முகவரிடம் முதலில் கேளுங்கள். பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் வகை 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. உங்கள் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் மேலே போய்க் கீழே இறங்கினால், மொத்தம் 1,43,000 கி.மீ.க்கு மேல்; ஒளி வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை விநாடி, மற்ற தாமதங்கள் தனி. சில நூறு கி.மீ. உயரத்தில் கூட்டமாகச் சுற்றும் புதிய வகை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

முதல் வகை என்றால், உங்கள் தேவையைப் பிரித்துப் பாருங்கள். குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடுகிறதா, இரவில் பண்ணைக்குள் யாராவது நுழைகிறார்களா என்று கேமராவில் பார்ப்பதற்கு அரை விநாடி தாமதம் ஒரு பொருட்டே அல்ல; அங்கே 40 எம்பிபிஎஸ் உண்மையிலேயே உதவும். ஏற்றுமதிக்காரரிடம் விலை பேசுவதற்கு இப்போதுள்ள 4ஜியையே வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் இருக்கும் திசை நோக்கி வெளியே ஓர் ஆன்டெனா வைத்தால் அந்த 8, 10 சற்று நிலையாகும், பேச்சுக்கு அது தாராளம்.